ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே

போர்ட் கெல்வின், கேப் பிரெட்டன்
செப்டம்பர் 9, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

உட்கார்ந்துகொண்டு மேலே படி. லாக்லன் வெளியே வருகிறான். சிவப்புத்தலை ரோரியின் மகன், பிக்னிக் அன்று நம் ஆலஸ்டரைத் துடுப்பால் அடித்துக் கொன்றவன். பத்து வருடத்தில் ஏழு முடிந்துவிட்டது, நடத்தை நன்று என்று பரோலில் விடுகிறார்கள். மீதி மூன்று வருடத்தை ஒரு அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே கழிக்க வேண்டும்.

அந்த அதிகாரி நான்.

என் மேலதிகாரி டாய்ல் போன வருடம்தான் ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்தார். என் பெயரோடு ஒட்டியிருப்பது என்னை விட்டுப் போன புருஷனின் குடும்பப் பெயர். செத்த பையன் என் அக்கா மகன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "அந்தப் பக்கத்து ஜனங்கள எனக்குப் பழக்கம் சார், இத நானே பாத்துக்கறேன்" என்றேன். "நல்லதாப் போச்சு" என்று கோப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பதினாறு வருடமாக இந்த வேலை. சிறையிலிருந்து வந்தவர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்திருக்கிறேன், வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கதவைத் திறக்காத பெண்டாட்டிகளிடம் பேசிப் பேசித் திறக்க வைத்திருக்கிறேன். அதெல்லாம் மற்றவர்களுக்கு. இவனுக்கு என்னிடம் இருப்பது விதிகள் மட்டும். குடிக்கக் கூடாது. எழுத்தில் அனுமதி இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. நிலையான வேலை வேண்டும். மாதத்தின் முதல் திங்கள் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். எதில் தவறினாலும் நான் ஒரு தாளில் எழுதினால் போதும், மூன்று வருடமும் உள்ளே.

அவன் ரோனா துறைக்கு, அப்பன் வீட்டுக்குத்தான் வருகிறான். உன் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த வாசல் தெரியும். என்ன செய்கிறான், யாரோடு திரிகிறான் என்று எனக்கு எழுது. போன் மட்டும் வேண்டாம். உங்கள் போன் லைன் பதினோரு வீட்டுக்கும் பொது. ஒரு மணி அடித்தால் பதினோரு காது.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம் அக்கா. பார்த்துக்கொண்டு மட்டும் இரு.

உன் தங்கை,
கிர்ஸ்டி


ரோனா துறை
செப்டம்பர் 22, 1974

கிர்ஸ்டிக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு மறந்துவிடுகிறது. தைலம் நாறுகிறது.

அவன் வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். கூட்டுறவுக் கடையில் என்னைப் பார்த்ததும் தூக்கின மாவு மூட்டையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான். கல்லாவில் ஜெஸ்ஸி, "ஏழு வருஷம் உக்கார வெச்சுச் சாப்பாடு போட்டிருக்காங்க, ஒரு மூட்டை தூக்கத் தெம்பில்ல பாரு" என்றாள். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ரோட்டின் அந்த ஓரமாகவே போனான், திரும்பிப் பார்க்கவில்லை.

ஜன்னலில் உட்கார்ந்து வேவு பார்ப்பது எனக்கு ஒத்துவராது.

என் கூரை வடக்குப் பக்கம் ஒழுகுகிறது. அவனுக்கு வேலை வேண்டும் என்றுதானே எழுதியிருந்தாய்?

குளிருக்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. ஏழு வருடமாக ரோடு சரியில்லை என்கிறாய். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது.

மோராக்


போர்ட் கெல்வின்
அக்டோபர் 8, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சளி, இருமல், வேறு குறை இல்லை. கூரையைப் பற்றி நீ எழுதியதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். இனி அப்படி வேடிக்கை எழுதாதே.

நேற்று அவன் வந்தான். மூன்று மணி நேர பஸ். நான் இன்னும் ஒரு மணி நேரம் வராந்தாவில் காக்க வைத்தேன்.

"உட்காரலாமா மேடம்?"

"உக்காருன்னு சொன்னேனா?"

நின்றான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். மீன் தொழிற்சாலையில் காட் மீனை வெட்டி உப்புப் போடும் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது. மோராக் அம்மாவோட தங்கச்சி."

"எங்க சார்கிட்டப் போய்ச் சொல்லப் போறியா?"

"இல்ல மேடம்."

"ஏன்? சொன்னா வேற ஆள் போடுவாங்களே, உனக்கு நல்லதுதானே?"

"நீங்க கோபப்படறதுல நியாயம் இருக்கு. வேற ஆளா இருந்தா ஒரு காரணமும் இல்லாமக் கத்துவாங்க."

எனக்கு எதிரே நின்று நியாயம் பேசுகிறான் பார் அக்கா! பிறகு, "அன்னைக்கு பிக்னிக்ல..." என்று ஏதோ ஆரம்பித்தான். வாயை மூடச் சொன்னேன். நான் கேட்டால்தான் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். உள்ளே கற்றுக்கொண்ட பழக்கம். அதுகூட எனக்கு எரிந்தது.

கிர்ஸ்டி


ரோனா துறை
நவம்பர் 3, 1974

கிர்ஸ்டிக்கு,

இருமலுக்கு வெங்காயச் சாறும் தேனும் குடி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கை ஒழியவில்லை.

கூரை வேடிக்கை இல்லை. தொழிற்சாலை வேலை முடிந்து நாலு நாள் சாயங்காலம் வந்து அவன் சரிசெய்துவிட்டான். அவன் ஏணிமேல், நான் கீழே. கடைசி ஆணி அடித்து முடித்ததும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்ட பிறகு இரண்டு மணிக்கு வா என்று சொன்னேன். வந்தான். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணிக்கு வருகிறான், நாலு மணிக்குப் போகிறான். டீயும் ஓட்ஸ் ரொட்டியும் கொடுக்கிறேன். ரொட்டியை அவன் தொடுவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பிக்னிக் அன்று ஆலஸ்டர் போட்டிருந்தது நீலச் சட்டையா, வெள்ளையா? நான் நீலம் என்கிறேன். நீதானே அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போனாய். ஞாபகம் இருந்தால் எழுது.

மோராக்


போர்ட் கெல்வின்
நவம்பர் 20, 1974

அக்கா,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இருந்தால் அது தலையில்தான் இருக்க வேண்டும். உன் மகனைக் கொன்றவனை உன் மேஜையில் உட்கார வைத்து டீ ஊற்றுகிறாயா? ஆலஸ்டரின் படம் அந்தச் சுவரில்தானே மாட்டியிருக்கிறது? அத்தான் உயிரோடு இருந்தால் அவன் வாசற்படி ஏறியிருப்பானா?

ஊரில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா? மோராக் மன்னித்துவிட்டாள், மோராக் பெரிய மனசுக்காரி. பாதிரியார் அதையே பிரசங்கம் செய்வார். உனக்கு மன்னிக்க உரிமை இருக்கலாம். எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆலஸ்டர் என் கைகளில் வளர்ந்த பிள்ளை.

போன வாரம் மீன் தொழிற்சாலை முதலாளிக்கு போன் போட்டேன். "கத்தி பிடிச்சு வேல செய்யற இடத்துல யாரை வெச்சிருக்கீங்கன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டேன், அவ்வளவுதான். மறுநாளே அவனை நிறுத்திவிட்டார். முப்பது நாளில் வேறு வேலை காட்டாவிட்டால் விதிமீறல். அந்தத் துறையில் டிசம்பர் மாதம் யார் அவனுக்கு வேலை கொடுப்பார்கள்?

வெள்ளைச் சட்டை. நீ எதற்குக் கேட்கிறாய்?

கிர்ஸ்டி


ரோனா துறை
டிசம்பர் 8, 1974

கிர்ஸ்டிக்கு,

நலம். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். லாக்லன் இன்றிலிருந்து என்னிடம் வேலை செய்கிறான்: விறகு வெட்டுவது, பனி தள்ளுவது, உன் அத்தானுடைய சிங்கி இறால் கூண்டுகளைப் பழுதுபார்ப்பது. கையெழுத்துப் போட்டு, பாதிரியாரைச் சாட்சியும் போட வைத்திருக்கிறேன். கோப்பில் சேர்த்துக்கொள்.

வெள்ளை என்றுதான் அவனும் சொன்னான். நான்தான் தப்பு.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா என்று கேட்கவில்லை.

மோராக்


போர்ட் கெல்வின்
ஜனவரி 26, 1975

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். இப்போது கோபம் இல்லை, உன்னைப் பற்றிய கவலைதான். நன்றாகத் தூங்குகிறாயா?

வேலைத் தாளைக் கோப்பில் வைத்தேன், வேறு வழி இல்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை ஒன்பதிலிருந்து ஏழாக மாற்றினேன். இரண்டு தடவை சொல்லாமல் போலீஸை அனுப்பிப் பார்த்தேன். இரண்டு தடவையும் வீட்டில் உட்கார்ந்து கூண்டுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தானாம். இந்த மாதம் வந்தபோது மூச்சை ஊதிக் காட்டச் சொன்னேன். பெப்பர்மின்ட் வாசனை.

சட்டை நிறத்தை அவன் சொன்னதாக எழுதியிருந்தாய். அப்படியானால் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறீர்களா? என்ன சொல்கிறான்? அவன் சொல்வதை நம்பாதே. சிறைக்குப் போனவர்கள் கதை கட்டுவதில் தேர்ந்தவர்கள், பதினாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன். கோர்ட்டில் சொல்லியாகிவிட்டது: குடி, வாய்ச்சண்டை, ஒரே அடி. அதற்கு மேல் என்ன இருக்கிறது?

உடனே பதில் போடு.

கிர்ஸ்டி


ரோனா துறை
பிப்ரவரி 23, 1975

கிர்ஸ்டிக்கு,

துறை முழுக்கப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது. முழங்காலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நான் அவனை மன்னித்துவிட்டதாக நீ நினைக்கிறாய். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. நினைக்கட்டும்.

அவனுடைய நாற்காலியை ஆலஸ்டரின் படத்துக்கு நேராகப் போட்டிருக்கிறேன். முதல் ஞாயிறு அவனிடம் சொன்னேன்: "என் பிள்ளைய கடைசியா உசுரோட பாத்தவன் நீ. அந்த நாள் முழுக்க நீயும் அங்க இருந்த. காலைலேருந்து சொல்லு. ஒண்ணும் விடக் கூடாது." அவன் அரைமணியில் முடித்துவிடப் பார்த்தான். விடவில்லை. "என்ன சாப்பிட்டான்? யார்கூட சிரிச்சான்? எந்தக் கையில தட்டு வெச்சிருந்தான்?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். எழுந்துபோய் வெளியே வாந்தி எடுத்தான். வந்து மறுபடி உட்காரச் சொன்னேன்.

சிறையில் அவனை யாரும் இதெல்லாம் கேட்கவில்லை, கிர்ஸ்டி. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு விளக்கு. ஏழு வருடம் அவன் அங்கே ஒளிந்துகொண்டிருந்தான். நீ அவனைத் திருப்பி அங்கேயே அனுப்பப் பார்க்கிறாய். எனக்கு அவன் இங்கே வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என் மகன் எனக்குக் கிடைக்கிறான், அதை அவன் ரத்தத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறான்.

ஆலஸ்டர் அன்று கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்தானாம். ஜெஸ்ஸியோடு இரண்டு தடவை ஆடினானாம். அவனுக்கு ஆடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இன்று ஐந்து மணிவரை வந்துவிட்டோம். பிக்னிக் கலைகிறது. ஆலஸ்டர் கரையில் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் ஏறி உட்கார்ந்து ரோட்டையே பார்க்கிறான். எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான் என்கிறான் லாக்லன். எனக்கு இது புரியவில்லை. பையன்களோடு வந்துவிடுகிறேன், கார் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டதாகத்தானே நீ அன்று சொன்னாய்? அப்புறம் ரோட்டை எதற்குப் பார்த்தான்?

அதற்குள் மணி நாலாகி அவன் கிளம்பிவிட்டான். மீதியை அடுத்த ஞாயிறு கேட்கிறேன்.

மோராக்


போர்ட் கெல்வின்
மார்ச் 1, 1975

அக்கா,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

லாக்லனை நேற்று சிறப்பு விசாரணைக்கு வரச் சொல்லித் தந்தி கொடுத்திருந்தேன். வந்தான். கோட்டுப் பையில் பாதி குடித்த ரம் பாட்டில் இருந்தது. போலீஸ் முன்னாலேயே எடுத்தேன். விதிமீறல் அறிக்கை போய்விட்டது. அவனைத் தீவுக்கு வெளியே பெரிய சிறைக்கே கொண்டு போகிறார்கள்.

கடைசியில் நான் சொன்னதைச் செய்துவிட்டேன். ஆலஸ்டருக்காகச் செய்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீ நிம்மதியாக இரு.

கிர்ஸ்டி


ரோனா துறை
மார்ச் 23, 1975

கிர்ஸ்டி,

என் கடிதம் புதன்கிழமை உனக்குக் கிடைத்திருக்கும். வியாழக்கிழமை அவனுக்குத் தந்தி வந்தது. பாட்டில் யாருடையது என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை.

சிறைக்குப் போய்வந்தேன். பஸ், அப்புறம் ரயில், இரண்டு நாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். "நிதானமா சொல்ல முடியாதும்மா, இருபது நிமிஷம்தான் குடுத்திருக்காங்க" என்றான். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு ஆலஸ்டர் படகில் ஏறினான். "அஞ்சுக்கு சித்தி கார் எடுத்துட்டு வர்றேன்னுச்சு. இங்கேருந்தாத்தான் ரோடு தெரியும்" என்றான். ஐந்தரைக்கு மில் லாரி கிளம்பியது, ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "சித்தி வந்து என்னைக் காணாமத் தேடும், நீங்க போங்கடா" என்றான். ஆறு மணிக்குப் பாதிரியாரின் வண்டியும் போனது. அதிலும் ஏறவில்லை. ஆறே முக்காலுக்கு லாக்லன் குடித்துவிட்டு வந்து, "எங்கப்பன் படகுலேருந்து எறங்குடா" என்றான்.

"சித்தி வர்ற வரைக்கும்டா."

"உன் சித்தி அந்த வாத்தியான் ஹெக்டர்கூட மலை ரோட்டுல நிக்கிறா. நான் இப்பத்தான் பாத்துட்டு வரேன். அவ வர மாட்டா, நீ எறங்கு."

அப்போதுதான் ஆலஸ்டர் இறங்கினான். முதல் அடி அவன் அடித்தது. உன்னைப் பற்றி அப்படிப் பேசியதற்காக. அப்புறம் லாக்லன் துடுப்பை எடுத்தான்.

"கோர்ட்டுல ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கல. சொன்னா, அவன்தான் மொதல்ல கை வெச்சான்னு ஆயிருக்கும். செத்தவன் மேல எதுக்குப் போடணும்னு விட்டுட்டேன்."

சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று, "அவனே வர வேண்டாம்னு சொல்லிட்டான் அக்கா" என்று என் தோளில் விழுந்து அழுதாய். நான் உன்னைத் தேற்றினேன். அப்புறம் நீ அந்த ஹெக்டரையே கல்யாணம் செய்துகொண்டபோது அவனுக்குக் கம்பளிப் போர்வை நெய்து கொடுத்தேன்.

உங்கள் டாய்லுக்கு நான் கடிதம் போட்டால் ஒரே நாளில் உன் கதை முடிந்துவிடும். நான் போடப் போவதில்லை. நீயே போய் அவர் முன்னால் நின்று, பாட்டிலை வைத்தது நான்தான் என்று சொல். செத்த பையன் உனக்கு யார் என்பதையும் சொல். அதை முடித்துவிட்டு எனக்கு எழுது.

மோராக்


போர்ட் கெல்வின்
ஏப்ரல் 20, 1975

அக்காவுக்கு,

உன் உடம்பைப் பற்றிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ரயிலில் போய்வந்த பிறகு கால் எப்படி இருக்கிறது?

நாலு வாரம் ஆகிவிட்டது. மூன்று தடவை டாய்லின் கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். போன திங்கள் சொல்லிவிட்டேன். டாய்ல் கத்தவில்லை. தாள் எடுத்து, "மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார். வேலை போய்விட்டது. பொய் அறிக்கைக்கு வழக்கு வரும். லாக்லனின் கோப்பை அவரே எடுத்துக்கொண்டார். மே ஒன்பதாம் தேதி விடுகிறார்கள். இந்தப் பருவத்துக்கு ஒரு சிங்கி இறால் படகில் அவனுக்கு இடமும் பேசி வைத்திருக்கிறார். நான் ஆறு மாதமாகச் செய்யாததை ஆறு நாளில் செய்துவிட்டார்.

நான் வெறுத்தது அவனைத்தான் என்று இவ்வளவு நாள் என்னையே நம்ப வைத்திருந்தேன். அதுவும் பொய் இல்லை. இப்போதும் வெறுக்கிறேன். ஆனால் அவன் வாயைத் திறக்க வந்த ஒவ்வொரு தடவையும், நான் வராததைச் சொல்லிவிடுவானோ என்றுதான் அதை அடைத்தேன்.

அன்று நடந்தது இவ்வளவுதான். ஐந்து மணிக்கு அவனை ஏற்றிக்கொள்ளத்தான் கிளம்பினேன். வழியில் ஹெக்டர் நின்றிருந்தான். மலை ரோட்டுக்குப் போனோம். நேரம் பார்க்கவில்லை. ஏழு தாண்டிக் கரைக்கு வந்தபோது கூட்டம் கூடியிருந்தது.

எழுதிவிட்டேன். இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. நேரில் வரச் சொல்லாதே அக்கா. என்னால் அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. என்னை மன்னிக்க உனக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் சொல்.

கிர்ஸ்டி


ரோனா துறை
மே 4, 1975

கிர்ஸ்டிக்கு,

கால் பரவாயில்லை. பனிக்கட்டி போய்விட்டது.

உன் நாலு வரியைப் படித்தேன். கோர்ட்டிலும் எனக்கு நாலு வரிதான் கொடுத்தார்கள்.

லாக்லன் வெள்ளிக்கிழமை வருகிறான். உன்னோடு ஒரே மேஜையில் உட்கார முடியாது என்று சிறையிலிருந்து எழுதியிருக்கிறான். அது அவன் இஷ்டம் இல்லை என்று பதில் போட்டேன். உனக்கும் அதே பதில்தான்.

படகின்மேல் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். காருக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எனக்கு இரண்டும் சேர்த்து வேண்டும், நிமிடம் நிமிடமாக. மில் லாரி கிளம்பினபோது நீ எங்கே நின்றிருந்தாய்? பாதிரியார் அவனைக் கூப்பிட்டபோது நீ எதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாய்? என் பிள்ளை ரோட்டைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? அவன் சொல்லட்டும், நீ சொல்லு, நான் கேட்கிறேன்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருந்தாய். ஏழு மணிக்கு வந்து சேர எத்தனை ஞாயிறு ஆகிறதோ அத்தனை. வந்து சேர்ந்த பிறகு மறுபடி ஐந்து மணியிலிருந்து ஆரம்பிப்போம்.

பதினோராம் தேதி பஸ் ஒன்றேகாலுக்கு வரும். மூன்றாவது நாற்காலியை மாடியிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன்.

மோராக்